சுறா ஒழுங்கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் பாலையூற்றுக்கு என் வீடு தேடி வந்தான். துறைமுகத்தில் நான் வேலை செய்த சுழியோடும் பகுதிக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தான். புதிதாக வந்திருக்கும், முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் காற்றுக் கலன்களைப் பற்றிச் சொன்னான். இனிக் குழாயும் இல்லை, கயிறும் இல்லை, பம்பு சுற்ற ஆட்களும் இல்லையாம். எங்கள் பழைய கைப்பம்பை ஸ்டோரின் மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம். பிறகு கேட்டான்.

"அண்ணை, சுறா ஒழுங்கை எண்டு சொல்லுறமே, அந்தப் பேரை ஆர் வைச்சது? துறைமுக வரைபடம் முழுக்கத் தேடிப் பாத்தனான். ஒண்டிலயும் இல்லை."

ஒழுங்கை என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய பாதை. கடலில் வேலி இல்லை. ஆனாலும் உட்துறைமுகத்தில், சோபர் தீவுக்கும் சீனன்குடாப் பக்கத்துக் கரைக்கும் நடுவே கிடக்கும் ஒரு நீர்ப்பட்டையை எங்கள் பகுதி ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பங்குனி பிறந்தால், தென்மேற்குக் கச்சான் காற்று பலக்கும்வரை அதற்குக் குறுக்கே கயிறோ சங்கிலியோ விடமாட்டார்கள். தள்ளிவைக்க முடியாத வேலை என்றால் மட்டும் இறங்குவார்கள். யாரும் எழுதி வைத்த விதி அல்ல.

அது இன்னும் வராத ஒரு பட்டணத்தின் சட்டம் என்று செல்வத்துக்குச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சுருக்கமாகத்தான் சொன்னேன். வாயால் நீளமாகச் சொல்ல எனக்கு எப்போதும் வராது. முழுதையும் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்புப் படிப்பு. முதலில் துருச் சுரண்டினேன், பிறகு கயிறு பின்னினேன், பிறகு என்னைச் சுழியோடும் வள்ளத்தில் ஏற்றினார்கள். சுழியோடியாக அல்ல, கயிற்றுக்காரனாக. சுழியோடி அடியில் வேலை செய்யும்போது, அவனுடைய உயிர்க்கயிற்றையும் காற்றுக் குழாயையும் மேலே பிடித்திருப்பவன்தான் கயிற்றுக்காரன். அவன் வேறு எதையும் பார்க்கக்கூடாது, வெற்றிலை போடக்கூடாது, கதைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்காகத்தான் என்னைத் தெரிந்தெடுத்தார்கள் என்று பம்பு சுற்றும் பொன்னையா அண்ணை சொல்வார். "அருளப்பு வாய் திறந்தா அண்டைக்குத் துறைமுகத்துக்கு லீவு" என்பது அவருடைய பகிடி.

எங்கள் சுழியோடி சூசை. என் தங்கை சிசிலியாவின் புருஷன், ஆகவே எனக்கு மச்சான். வள்ளத்துக்கும் எங்கள் எல்லோருக்கும் மேலாள் இஸ்மாயில் நானா. கிண்ணியா ஆள். துறைமுகத்துக்கு வருவதற்கு முன் தம்பலகாமக் குடாவில் மூச்சடக்கிச் சிப்பி குளித்தவர். காற்றுக் குழாய் இல்லாமல் அடியைப் பார்த்தவர் எங்களுக்குள் அவர் ஒருவர்தான்.

நானா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில்தான் வேலை நடக்கும். முதலில் சூசை சிலுவை அடையாளம் போடவேண்டும். உடுப்பின் கைப்பட்டியைக் கட்டிய பிறகு கையை நெற்றிக்குக் கொண்டுபோவது கஷ்டம் என்பதால் நானாவே ஞாபகப்படுத்துவார். பிறகு ஈயச் சப்பாத்து, பிறகு மார்பிலும் முதுகிலும் ஈயக்கட்டி. செப்புத் தொப்பியை வைத்துத் திருகி இறுக்கியதும் நானா அதில் விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். உள்ளே காற்று வரும் சத்தம் அவருக்குப் பிடித்த மாதிரி இருக்கவேண்டும். இல்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலில் இருந்து. எந்தக் கப்பல் காத்திருந்தாலும் அப்படித்தான். கடைசியாகக் கண்ணாடியைப் பூட்டுவார். தொப்பி தண்ணீருக்குள் போகும்போது மெதுவாக "பிஸ்மில்லாஹ்" என்பார். அதன் பிறகு சூசை என் கையில்.

கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் சுகம். இரண்டு என்றால் இன்னும் கயிறு விடு. நான்கு என்றால் உடனே தூக்கு. கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்கவேண்டும். தொய்ந்த கயிறு செவிட்டுக் கயிறு என்பார் நானா. கொஞ்ச வருடத்தில் என் உள்ளங்கைக்கு, மச்சான் நடக்கிறானா, குனிகிறானா, சும்மா நின்று மீனைப் பார்க்கிறானா என்பதெல்லாம் தெரிய வந்தது.

இனிப் பட்டணத்துக் கதை.

தேத்தண்ணீர் நேரத்தில் இறங்குதுறையில் இருந்து நானாதான் அதைத் தொடங்கினார். இன்னும் நூறு வருடத்தில் கரையில் இடம் போதாது, மனிதர்கள் குடாவுக்குள் இறங்கிக் குடியிருப்பார்கள் என்றார். கவிழ்த்த கிடாரம் மாதிரி இரும்பு வீடுகள். எங்கள் தொப்பிக் கண்ணாடி மாதிரித் தடித்த யன்னல்கள். தீவில் இருந்து குழாய் வழியாகக் காற்று வரும். வீட்டுக்கு வீடு கயிறு கட்டியிருக்கும். செய்தி எல்லாம் இழுப்பில் போகும். ஆடு வளர்க்க முடியாது, அது ஒன்றுதான் குறை என்றார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அடுத்த நாளும் கேட்டோம். வருடக்கணக்காக அந்தப் பட்டணத்தைக் கட்டினோம் என்றுதான் சொல்லவேண்டும். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. சூசை வீடு கட்டுபவன். பொன்னையா அண்ணைக்குக் காற்றுப் பொறுப்பு. "ஊருக்கே நீங்கதான் காத்து. அதால கதையைக் கொஞ்சம் குறைங்க" என்றார் நானா. கோயில், பள்ளிவாசல், சேர்ச் மூன்றுக்கும் மணியும் பாங்கும் தண்ணீருக்குள் கேட்காதே என்று ஒரு நாள் பிரச்சினை வந்தது. மூன்றுக்கும் மூன்று விதமான இழுப்பு என்று தீர்த்தோம்.

பெரிய பிரச்சினை சுறா. பங்குனி தொடங்கினால் அவை வெளிக்கடலில் இருந்து அந்த நீர்ப்பட்டை வழியாகத்தான் உள்ளே வருகின்றன என்பதை நானா தன் சிப்பிக் காலத்திலேயே கவனித்திருந்தார். வருடம் வருடமாக அதே வழி. ஆகவே பட்டணத்தில் முதலில் குறிக்கவேண்டியது வீடு அல்ல, அவற்றின் பாதை என்றார். அதற்குப் பெயர் சுறா ஒழுங்கை. அதற்குள் வேலி, கயிறு, விளக்கு எதுவும் கூடாது. அவை வரும்போது ஒழுங்கையில் அகப்பட்ட மனிதன் ஓடக்கூடாது, தள்ளக்கூடாது. கைகளைக் கமுக்கட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு, அது கடந்து போகும்வரை நிற்கவேண்டும்.

பொன்னையா அண்ணை அது என்ன சட்டம் என்று கேட்டார். நானா சொன்ன பதிலை நான் மறக்கவில்லை.

"அந்தக் காலத்தில முத்துக் குளிக்கிற இடத்தில மந்திரம் சொல்லிச் சுறாட வாயைக் கட்ட ஒரு ஆளுக்குக் கூலி குடுத்தாங்க. சுறா நம்மட கடலுக்கு வந்தமாதிரிக் கதை. வரப்போற காலத்தில நாமதான் அதுட வீட்டில போய் இருக்கப் போறம். அப்ப மனிசன்ட கையைக் கட்டத்தான் ஆள் வேணும்."

அந்தக் கூலி ஆள் யார் என்று சூசை கேட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி எனக்கும் ஒரு உத்தியோகம் கிடைத்தது: ஒழுங்கை வாசலில் நின்று, சுறா வருவதை உள்ளே இருப்பவர்களுக்குக் கயிற்றால் அறிவிப்பது. அதற்கு என்ன இழுப்பு? இழுக்கவே கூடாது, கயிற்றை மெதுவாக நடுங்க வைக்கவேண்டும் என்று முடிவானது. இறங்குதுறைப் பலகையில் நடித்தும் பார்த்தோம். சூசை தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு நூலைப் பிடித்து நின்றான். பொன்னையா அண்ணை சாக்கைப் போர்த்துச் சுறாவாகத் தவழ்ந்து வந்தார். நான் மற்ற முனையில் நூலை நடுக்கினேன். வாளிக்குள் இருந்தவன் உடனே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரியவர்கள் நாங்கள். எங்கோ ஒரு கப்பலில் இருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பொன்னையா அண்ணைக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது. "அந்தப் பட்டணத்தில பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறாப் புட்டுக் குடுக்க ஏலுமோ, ஏலாதோ?" எங்கள் கரையில் பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் ஊறுவதற்கு முதலில் தேடுவது பால்சுறாவைத்தான். அது இல்லாத பட்டணத்தில் ஒரு பெண்ணும் வந்து இருக்கமாட்டாள் என்றார் அவர். நானா அன்று முழுதும் யோசித்தார். அடுத்த நாள் தேத்தண்ணீருக்குத்தான் பதில் வந்தது.

"குடுக்கலாம். ஆனா ஒழுங்கைக்குள்ள பிடிக்கப்படாது. வீட்டுக்கு வாற ஆளை வாசல் படலையில வைச்சு வெட்டுறதா?"

இந்தக் கதை எல்லாம் கதையாகவே இருந்திருக்கும். ஒரு பங்குனிக் காலையில் எங்களைச் சீனன்குடாப் பக்கத்து மிதவை ஒன்றுக்கு அனுப்பினார்கள். எண்ணெய்க் கப்பலைக் கட்டி நிறுத்தும் மிதவை. அதன் அடிச்சங்கிலியைக் கோத்துப் பிடிக்கும் ஷக்கிள் வளையம் ஒன்று தேய்ந்திருந்தது. கப்பல் வருவதற்கு முன் மாற்றவேண்டும். மிதவை ஒழுங்கையின் ஓரத்தில் கிடந்தது. நானா தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, இதைத் தள்ளிவைக்க முடியாது என்று சொல்லிவிட்டுச் சூசைக்கு உடுப்பை எடுக்கச் சொன்னார்.

என் தங்கை அப்போது பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். முதல் பிள்ளை, பெண். அன்று காலை குசினியில் அவளுக்குச் சுறாப் புட்டு அவித்திருந்தார்கள். சூசையும் அதைத்தான் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தான். பொன்னையா அண்ணை மணந்து பார்த்தே கண்டுபிடித்து, புருஷனுக்கும் பால் ஊறுமோ என்று கேட்டார். தொப்பி பூட்டும்வரை சூசை சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

காற்று இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி. அடி தெரியாவிட்டாலும், குழாயும் கயிறும் சாய்ந்து நீண்ட தூரம் இறங்கிப் போவது தெரிந்தது. அவன் சங்கிலிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு இழுப்பு வந்தது. சுத்தியல் அடிகள் உள்ளங்கையில் வந்துகொண்டிருந்தன. அப்போது எங்களைச் சுற்றி நின்ற சூடை மீன் கூட்டம் இரண்டாகப் பிரிந்து விலகியது.

முதலில் மேகத்தின் நிழல் என்று நினைத்தேன். வானத்தில் மேகம் இல்லை. நிழலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. வரிசை வரிசையாக, யாரோ இருந்து பொறுமையாக இட்ட கோலம் மாதிரி. நாங்கள் புள்ளிச்சுறா என்று சொல்வது. கேள்விப்பட்டிருந்தேன், கண்டதில்லை. தலை வள்ளத்தின் ஒரு முனையைத் தாண்டிய பிறகும் வால் மற்ற முனைக்கு வந்து சேரவில்லை. கடிக்கும் சாதி இல்லை என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அது வந்துகொண்டிருந்த வழிக்கு நேர் குறுக்கே மச்சானின் காற்றுக் குழாய் இருந்தது.

அது எங்களுக்குக் கீழே வந்து நின்றது. பிறகு அது நிமிர்ந்தது. தலையை மேலே தூக்கி வாலைக் கீழே விட்டு, கோபுரம் எழும்பின மாதிரித் தண்ணீருக்குள் நெட்டுக்கு நின்றது. வாய் திறந்தது. ஒரு ஆள் குனியாமல் போய்வரலாம். சின்ன மீன்களையும் தண்ணீரையும் சேர்த்துக் குடித்தது. வாயின் ஓரத்தில் ஒரு கண். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கண். அது எங்களைப் பார்த்தது.

அதே நேரம் கயிற்றில் நான்கு இழுப்பு வந்தது.

மச்சானுக்கு மேலே வெளிச்சம் முழுதும் போயிருக்கும். அவனுக்கு வேறு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. நான்கு என்றால் தூக்கவேண்டும். என் கை தூக்கத் தொடங்கிவிட்டது. குழாய் சுறாவின் பக்கவாட்டில் போய் அழுந்தியது. தோல் முழுதும் ஒரு சிலிர்ப்பு ஓடியதை நான் கண்டேன். அது பயந்து ஒரு முறை வாலை அடித்தால் போதும், குழாய் அறுந்துவிடும்.

"தம்பி, கையைக் கட்டு" என்றார் நானா.

வழக்கமான குரல்தான். பட்டணத்துச் சட்டத்தைச் சொல்வது எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் கை கேட்கவில்லை. கீழே இருப்பவன் என் தங்கையின் புருஷன், நான்கு இழுப்பு, மறுபடியும் நான்கு. நானா என்னைத் தொடவில்லை. பம்புப் பக்கம் திரும்பி, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்ற பொன்னையா அண்ணையிடம், "கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துங்க, காத்து குறையப்படாது" என்றார். சக்கரம் மறுபடி ஒழுங்காகச் சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் என் கை தளர்ந்தது.

கயிற்றையும் குழாயையும் தளர்த்தி விட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து செய்யாதே என்று சொல்லப்பட்டதைச் செய்தேன். குழாய் அதன் தோலை விட்டு விலகித் தொய்ந்தது. ஆனால் மச்சானுக்கு என்ன சொல்வது? ஒன்று என்றால் சுகம், அது பொய். பொறு, உனக்கும் எனக்கும் நடுவே ஒரு உயிர் நிற்கிறது என்று சொல்ல எங்கள் இழுப்புகளில் எதுவும் இல்லை. பட்டணத்தில்தான் இருந்தது.

செவிட்டுக் கயிறு ஆகிவிடாதபடி கொஞ்சம் மட்டும் இழுத்துப் பிடித்து, மெதுவாக நடுக்கினேன். நூலில் நடுக்கின மாதிரியே. ஒன்றும் வரவில்லை. மறுபடி நடுக்கினேன். இழுப்புகள் நின்றன. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பம்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கயிற்றில் ஒன்று வந்தது. ஒரே ஒரு இழுப்பு.

சுறா குடித்து முடிக்கும்வரை குடித்தது. பிறகு அவசரமில்லாமல் சாய்ந்தது. சாயச் சாய நான் கயிறு விட்டேன். குழாய் அதன் முதுகில் படுத்து, முதுகின் வரம்பு வழியாக நெடுக வழுக்கிக்கொண்டு போனது. வள்ளத்தில் குழாயின் கடைசிச் சுருள் மட்டும் மிஞ்சியபோது வால் வந்தது. அது ஒரு பக்கம் அசைந்தது. குழாய் மற்றப் பக்கத்தால் நழுவி விழுந்தது. புள்ளிகள் தண்ணீரோடு கலந்தன. சூடை மீன்கள் திரும்பி வந்து வள்ளத்தைச் சுற்றி நின்றன.

நானா அவனை உடனே தூக்கவிடவில்லை. ஆழத்தில் இருந்து சட்டென்று ஏறினால் உடம்பு தாங்காது என்பதால், வழக்கம்போல இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் தூக்கினோம். கண்ணாடியைத் திறந்தபோது சூசையின் முகம் நனைந்திருந்தது. பொன்னையா அண்ணை அப்போதும் பம்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், மேல ஆரோ கூரை போடுறாங்கள் எண்டு நினைச்சன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நீ நடுக்கினது விளங்கினவுடன கையைக் கட்டிக்கொண்டு நிண்டனான். அதுன்ர வால் என்ர கண்ணாடிக்கு முன்னால வந்து போச்சு. தொட்டிருக்கலாம். தொடேல்லை" என்றான்.

கரைக்கு வரும் வழியில் அவன் ஒரு கேள்விதான் கேட்டான். காலையில் தான் சாப்பிட்டது அதற்குத் தெரிந்திருக்குமா என்று. பகிடியா உண்மையா என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நானா பகிடியாக எடுக்கவில்லை. புட்டுக்கு வாங்கிய சுறாவை எங்கே பிடித்தது என்று விசாரித்தார். மூதூர் ஆட்கள் வெளிக்கடலில் பிடித்தது என்று சூசை சொன்னான்.

"அப்ப பிழையில்ல" என்றார் நானா.

அந்த வருடத்தில் இருந்து, பங்குனி வந்தால் நானா எங்கள் வேலைகளை ஒழுங்கையைச் சுற்றியே வகுத்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, அந்தப் பக்கம் நீரோட்டம் சரியில்லை என்பார். கயிற்று நடுக்கத்தையும் எங்கள் இழுப்புகளோடு சேர்த்துவிட்டார். தேத்தண்ணீருக்குப் பட்டணத்துக் கதை தொடர்ந்தது. ஆனால் சிரிப்புக் குறைந்திருந்தது. வீடு கட்டப் போகிறவர்கள் கதைப்பது மாதிரிக் கதைத்தோம். நானா பென்சன் எடுத்துக் கிண்ணியாவுக்குப் போய்ச் சில வருடங்களில் காலமானார். பிறகு பொன்னையா அண்ணையும் போனார். சூசை முழங்கால் வலியோடு மகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான்.

நான் சுருக்கமாகச் சொன்னதைக் கேட்டுச் செல்வம் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். பிறகு, இந்தப் பங்குனியில் காற்றுக் கலனைக் கட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கினதாகச் சொன்னான். உடைந்த சங்கிலி ஒன்றைத் தேடி. மேலே வெளிச்சம் போனதாம். புள்ளிகள் தெரிந்ததாம்.

"என்ன செய்தனீ?"

"கையைக் கமுக்கட்டுக்க வைச்சுக்கொண்டு நிண்டனான். போய் முடியுமட்டும்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஆர் எண்டு இல்லை அண்ணை. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் நிக்கிறது. ஏன் எண்டு நான் கேட்டதே இல்லை."

மேலே கயிறு பிடித்தது யார் என்று கேட்டேன். கயிறே இல்லை என்றான். வள்ளத்தில் இருந்தவர்களுக்கு, அவன் ஏறி வந்து சொல்லும்வரை ஒன்றும் தெரியாதாம்.

கயிறு இல்லை, குழாய் இல்லை, வாசலில் நின்று நடுக்கிச் சொல்ல ஆள் இல்லை. கடலின் அடியில் ஒரு மனிதன் தானாகக் கையைக் கட்டிக்கொண்டு வழி விட்டிருக்கிறான். நூறு வருடம் ஆகும் என்று நானா சொல்லியிருந்தார்.

வெயில் தணிந்ததும் செல்வம் புறப்பட்டான். படலைவரை கூடப் போனேன். எங்கள் ஒழுங்கையில் எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டில் ஒன்று, இரண்டு வேலியையும் உரசிக்கொண்டு வந்தது. அவன் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, தானும் வேலியோடு ஒட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு அது போகும்வரை நின்றான்.